தறி நின்ற நாட்களில் பார்த்த படங்கள்

நவம்பர் 2, 2024, சனி

தீபாவளிக்கு நிறுத்திய தறி இன்னும் ஓடவில்லை. ஆட்கள் ஊரிலிருந்து திங்கட்கிழமைதான் வருவார்கள். தறிகள் எல்லாம் நின்றுவிட்டால் கோயம்புத்தூர்ப் பக்கம் சோமனூரில் எங்கள் வீதி வேறு ஊர் மாதிரி ஆகிவிடுகிறது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்கூடக் கேட்கிறது.

திருப்பூர் போய் ‘அமரன்’ பார்த்தோம். மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரலில் ஷோபியானில் இறந்துபோனார் என்பது எல்லோருக்கும் தெரிந்த சேதி. முடிவு தெரிந்த கதையை மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமி அதை மனைவி இந்துவின் பக்கமிருந்து சொன்னதால் தப்பித்தார். சாய் பல்லவி கோத்தகிரியில் பிறந்து கோயம்புத்தூரில் வளர்ந்த பெண். இதில் மலையாளப் பெண்ணாக வருகிறார். அவர் அழாமல் நிற்கிற இடத்தில்தான் தியேட்டரில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சிவகார்த்திகேயனும் பழைய சேட்டை எதையும் வெளியே எடுக்கவில்லை.

குறை என்றால், எதிரில் நிற்கிற காஷ்மீர்க்காரர்களுக்கு முகம் இருக்கிறது, மனசு கிடையாது. சண்டைக் காட்சிகளும் இரண்டு குறைந்திருக்கலாம்.

நவம்பர் 3, ஞாயிறு

வீட்டில் ‘கொட்டுக்காளி’. பின்னணி இசையே இல்லாத படம் என்று கேள்விப்பட்டதிலிருந்து, தறி நிற்கிற நாளுக்காக எடுத்து வைத்திருந்தேன். தறி ஓடும்போது இதைப் பார்த்துப் பிரயோஜனமில்லை.

வேறு ஒருவனை விரும்புகிற முறைப்பெண் மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று, ஷேர் ஆட்டோவிலும் பைக்கிலுமாக ஒரு குடும்பமே சாமியாடியிடம் கூட்டிப்போகிறது. அவ்வளவுதான் கதை. முறைமாப்பிள்ளையாக வருகிற சூரிக்குத் தொண்டை கட்டிக் கழுத்தில் சுண்ணாம்பு பூசியிருக்கிறார். குரல் கரகரவென்று வருகிறது. மீனாவாக வருகிற அன்னா பென் படம் முழுக்கப் பேசுவதே இல்லை என்று சொல்லலாம். ஆட்டோ எஞ்சின், காற்று, சேவல் இவைதான் பேசுகின்றன.

தறிக்குடோனுக்குள் நாங்கள் யாரும் வாயால் பேசிக்கொள்வதில்லை. உதட்டைப் பார்த்து, கையைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். பாவு நூல் அறுந்தால் ஒரு சைகை, குறுக்கு நூல் சுற்றிய தார் தீர்ந்தால் ஒரு சைகை. அந்தப் பழக்கத்தில் மீனாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன், எனக்கு வசனம் தேவைப்படவில்லை. ஆட்டோவைத் திருப்ப வேண்டும், இறங்கு என்று அவளிடம் யாரும் சொல்வதில்லை. உள்ளே அவளை வைத்தே தூக்கித் திருப்புகிறார்கள். இதைவிடச் சுருக்கமாக அந்தக் குடும்பத்தைச் சொல்ல முடியாது. வழியில் நிற்கிற காளைக்கு ஆம்பளைகள் அத்தனை பேரும் பயந்து நிற்க, ஒரு சின்னப் பொண்ணு வந்து ஓட்டிப்போவதும் அப்படித்தான்.

முடிவை அந்தரத்தில் விட்டதில் வீட்டில் சண்டை. “காசு குடுத்துப் பாத்திருந்தா கேட்டிருப்பேனுங்க” என்றாள் மனைவி. எனக்கும் மனசு ஆறவில்லை, ஆனால் இயக்குநர் வினோத்ராஜ் வேறு எப்படி முடித்திருந்தாலும் பொய்யாகியிருக்கும்.

நவம்பர் 8, வெள்ளி

படம் இல்லை. நாலாம் நம்பர் தறியில் குறுக்கு நூலை இழுத்து ஓடுகிற நாடா பறந்து டியூப்லைட் உடைந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

‘மெய்யழகன்’. அம்மாவும் உட்கார்ந்தார். சொந்த வீட்டை இழந்து 1996இல் தஞ்சாவூரை விட்டுப்போன அரவிந்த்சாமி, 22 வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். மணமேடையில் தங்கச்சிக்கு நகை போட்டுவிடுகிற காட்சியில் அம்மா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வரப் பத்து நிமிடம் ஆனது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

பிற்பாதியில் கார்த்தி பேசிக்கொண்டே இருக்கிறார். தியேட்டரில் ஓடும்போதே சுமார் 18 நிமிடம் வெட்டினார்கள், அதற்கப்புறமும் நீளம்தான். ஆனால் பேர் தெரியாமலேயே ஒருத்தனோடு ராத்திரி முழுக்கப் பழகுகிற சங்கடம் இருக்கிறதே, அதை அரவிந்த்சாமி முழிக்கிற முழியிலேயே காட்டிவிட்டார். நம்ம ஊர்க் கல்யாண மண்டபத்தில் “என்னைத் தெரியுதுங்களா?” என்று யாராவது கேட்டால் நானும் அப்படித்தான் முழிப்பேன்.

நவம்பர் 17, ஞாயிறு

‘கங்குவா’. சூர்யாவுக்குப் பூர்வீகம் பக்கத்தில் சூலூர்ப் பக்கம்; அவர் அப்பா சிவகுமார் பிறந்தது காசிகவுண்டன்புதூர். அதனால் எங்கள் பக்கம் கொஞ்சம் பாசம் கூடுதல். பாசத்தோடுதான் போனோம்.

காதைப் பொத்திக்கொண்டு வந்தோம். ஆளாளுக்குக் கத்துகிறார்கள், கத்தாத இடத்தில் இசை கத்துகிறது. ஒலியை இரண்டு பாயின்ட் குறைத்து வைக்கச் சொல்லித் தயாரிப்பாளரே தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நாங்கள் போன தியேட்டருக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை போல. இடைவேளையில் அவள் சொன்னாள்: “ஏனுங்க, வூட்லதான் தறிச் சத்தம்னா, காசு குடுத்து வந்தும் அதேதானுங்களா?”

இதில் வருத்தம் என்னவென்றால் உழைப்பு தெரிகிறது. காடு, உடை, ஐந்து குலம், ஒவ்வொன்றுக்கும் மெனக்கெட்டிருக்கிறார்கள். சூர்யா உடம்பை வருத்தியிருக்கிறார். ஒரு பையனுக்குக் கொடுத்த வாக்கு என்ற நல்ல முடிச்சும் இருக்கிறது. அதை நின்று கேட்க ஒரு நிமிடம் அமைதி கொடுத்திருந்தால் போதும். நிகழ்காலத்தில் வருகிற கோவாப் பகுதியைப் பற்றி எழுத எனக்குப் பொறுமையில்லை.

நவம்பர் 21, வியாழன்

மாதாந்திரப் பராமரிப்பு, காலையிலிருந்து கரண்ட் இல்லை. மதியம் சாப்பிட்டுவிட்டுச் செல்போனில் ‘சேத்துமான்’ போட்டேன். 2022இல் வந்தது, பெருமாள்முருகனின் ‘வறுகறி’ கதையை வைத்துத் தமிழ் என்பவர் இயக்கியது. கூடை முடைகிற தாத்தா, பெற்றோர் இல்லாத பேரன், பன்றிக்கறிக்கு ஆசைப்படுகிற பண்ணையக்காரர்.

கோபிசெட்டிபாளையத்தின் வாய்க்காலையும் பொள்ளாச்சியின் தோப்பையும் எத்தனையோ வருஷமாகப் படம் பிடித்துப் போனார்கள். எங்கள் கொங்குப் பேச்சை மட்டும் பெரும்பாலும் சிரிப்புக்கு வைத்துக்கொண்டார்கள். “ஏனுங்” என்று இழுத்தால் தியேட்டரில் சிரிப்பு வரும். இந்தப் படத்தில் அந்த ‘ங்க’ சிரிப்பு மூட்டவில்லை. யார் யாரிடம் அதைச் சொல்ல வேண்டும், யார் யாருக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை என்று கேட்டுக்கொண்டே வந்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டில் அந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன்.

தலித்தான ராம்நாத் கோவிந்த் குடியரசுத் தலைவராகிற பேச்சை நடுவில் கொண்டுவருவது மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. கறி பங்கு போடுகிற காட்சியே அதைச் சொல்லிவிட்டது.

கடைசி இருபது நிமிடம் பாக்கி இருக்கும்போது கரண்ட் வந்துவிட்டது. செல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குடோனுக்கு ஓடினேன். நாலு தறி கிளம்பிய பிறகு அந்தக் கோடியிலிருந்து அவள் உதட்டை அசைத்தாள்: “முடிஞ்சுதுங்களா?” இல்லையென்று கையை ஆட்டினேன்.