நரம்பை ஒளிர வைக்கும் சாயமும் என் பரோடிட் ஆபரேஷனும்

காதுக்குக் கீழே, பரோடிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பியில், கோலிக்குண்டு அளவில் கட்டி, வலி கிடையாது. ஊசி வைத்து எடுத்த டெஸ்ட்டில் ப்ளியோமார்ஃபிக் அடினோமா என்று வந்தது. புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டால் வளரும், பின்னாளில் சிலருக்குப் புற்றாகவும் மாறலாம், எடுத்துவிடுவதே நல்லது என்றார்கள். சரி, எடுக்கலாம். ஆனால் அந்தப் பரோடிட் சுரப்பிக்குள்தான் முகநரம்பு ஐந்து முக்கியக் கிளைகளாகப் பிரிகிறதாம், அதில் கை பட்டால் கண் மூடாது, வாய் கோணும் என்று கேட்டதிலிருந்து தூக்கம் போச்சு.

ராத்திரியெல்லாம் படித்ததில் கண்ணில் பட்டதுதான் இந்தச் சாயம். 2008இல் வேதியியல் நோபல் வாங்கிய ரோஜர் சியென் இருந்த குழு, நரம்பில் போய் ஒட்டி ஒளிரும் ஒரு பெப்டைடை, அதாவது சின்னப் புரதத் துண்டை, எலிகளில் காட்டி 2011இல் கட்டுரை வெளியிட்டது. அந்த வழியில் வந்த பெவோனெசீன் என்ற மருந்தை ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்னால் ரத்தக் குழாய் வழியாக ஏற்றுகிறார்கள், தகுந்த விளக்கில் பார்த்தால் சதைக்கு நடுவே நரம்பு பளிச்சென்று தெரியும். அமெரிக்காவில் தலை, கழுத்து ஆபரேஷன்களில் மனிதர்களிடமே சோதித்திருக்கிறார்கள்.

சென்னையில் நான் பார்த்த சர்ஜனிடம் நேராகவே கேட்டேன். சிரிக்காமல் பதில் சொன்னார், அதற்கே பாதி பயம் போனது. "அது இங்கே கிடையாதும்மா. எங்களிடம் இருக்கும் பச்சைச் சாயம், ஐசிஜி, ரத்த ஓட்டத்தைத்தான் காட்டும், நரம்பில் ஒட்டாது" என்றார். அப்புறம் நர்வ் மானிட்டரைப் பற்றிச் சொன்னார். முகத் தசைகளில் மெல்லிய ஊசி எலக்ட்ரோடுகளைக் குத்தி வைப்பார்கள், நரம்பைத் தூண்டினால் மெஷின் சத்தம் போடும். தசையைத் தளர்த்தும் மருந்தின் வேலை நீடித்தால் மானிட்டர் ஊமையாகிவிடும், அதனால் மயக்க டாக்டரிடமும் முன்கூட்டியே பேசிவிடுவாராம். மானிட்டர் இருந்தாலும் நரம்பைக் கண்ணால் தேடித்தான் ஆக வேண்டும், அதற்குக் காதுக் குருத்தெலும்பு, கழுத்துத் தசை என்று அடையாளங்கள் உண்டு என்றார். ஆக, "மானிட்டர் இருக்கா, இந்த ஆபரேஷன் அடிக்கடி செய்வீங்களா" என்ற இரண்டையும் கூச்சப்படாமல் கேளுங்கள். எலக்ட்ரோடுக்குத் தனி பில் வரலாம், இன்சூரன்ஸில் சேருமா என்பதையும் முன்பே கேட்டு வையுங்கள்.

மயக்கம் தெளிந்ததும் புருவத்தைத் தூக்கு, கண்ணை இறுக்கு, பல்லைக் காட்டு என்றார்கள். கீழுதடு மட்டும் ஒரு பக்கம் சோம்பேறித்தனம் பண்ணி, சில வாரங்களில் சரியானது. காது மடல் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது, கம்மல் போட்டால் உணர்வே இல்லை. அது வேறொரு நரம்பு, அதைப் பல சமயம் காப்பாற்ற முடியாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்.