ஆல்ட்மன் நின்ற மலை

கொலராடோவுக்கு வரும் நம்மவர்கள் பைக்ஸ் பீக் சிகரத்துக்குப் போகாமல் திரும்புவதில்லை. 14,115 அடி உயரத்துக்குக் காரிலேயே போய், குளிரில் நடுங்கியபடி படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவோம். அந்தச் சிகரத்துக்குத் தென்மேற்கே, மலையின் முதுகுப்பக்கத்தில், கிரிப்பிள் க்ரீக், விக்டர் என்று இரண்டு பழைய தங்கச் சுரங்க ஊர்கள் இருக்கின்றன. 1900 வாக்கில் அவற்றைச் சுற்றிச் சின்னச் சின்ன ஊர்கள் ஏராளம்: ஆல்ட்மன், இண்டிபெண்டன்ஸ், கோல்ட்ஃபீல்ட், எல்க்டன், அனகோண்டா, கேமரன், கில்லெட். அதில் ஆல்ட்மன் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அமெரிக்கத் தொழிலாளர் வரலாறு படித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும்.

பார்க்க முடியாது என்பது போவதற்கு முன்பே தெரியும். ஆளொழிந்து, கூரை சரிந்து, சுவர் மட்டும் நிற்கும் ஊர்கள் கொலராடோவில் எத்தனையோ உண்டு. அவற்றுக்குள் நடக்கலாம், கதவு நிலையைத் தொட்டுப் பார்க்கலாம். ஆல்ட்மன் அப்படி இல்லை. அது இருந்த இடமே இன்றைய தங்கச் சுரங்கத்துக்குள் போய்விட்டது. இருந்தாலும் எவ்வளவு பக்கத்தில் போக முடிகிறதோ அவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினோம்.

டென்வரிலிருந்து கொலராடோ ஸ்ப்ரிங்ஸ், அங்கிருந்து 24ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறி வுட்லண்ட் பார்க், டிவைட். டிவைடில் தெற்கே திரும்பும் 67ஆம் எண் சாலை நேராகக் கிரிப்பிள் க்ரீக்கில் கொண்டுபோய் விடுகிறது. கடைசி வளைவில் ஊர் முழுவதும் ஒரு கிண்ணத்துக்குள் கிடப்பதுபோலத் தெரியும். கீழே போனால் எல்லாம் செங்கல் கட்டடங்கள். 1896இல் அடுத்தடுத்து வந்த இரண்டு தீ விபத்துகள் மரக் கட்டடங்களை அழித்துவிட, அதற்குப் பிறகு கட்டியவை பெரும்பாலும் இவை. 1991 முதல் இங்கே சூதாட்டம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அதனால் முகப்பு பழையது, உள்ளே காசினோ இயந்திரங்கள். எனக்கு அதில் நாட்டமில்லை. கழுதைகள்தான் பிடித்திருந்தன. கோடையில் ஒரு கழுதைக் கூட்டம் தெருவில் இஷ்டத்துக்குத் திரிகிறது. சுரங்கத்தில் வேலை செய்த கழுதைகளின் வாரிசுகள் என்று ஊரார் பெருமையோடு சொல்கிறார்கள்.

கிரிப்பிள் க்ரீக்கிலிருந்து விக்டர் ஆறு மைல். அந்த ஆறு மைலில்தான் விஷயமே இருக்கிறது. வழியில் ஒரு பெரிய மலை படிப்படியாக வெட்டி அடுக்கியதுபோல நிற்கும். மேல் பக்கம் தட்டை. ஒரு மரம், ஒரு புல் கிடையாது. அது மலையே இல்லை. ஆரெக்வா என்ற பள்ளத்தாக்கில் நொறுக்கிய தாதுக் கற்களைக் கொட்டிக் கொட்டி நிரப்பி எழுப்பிய மேடு. அந்தப் பள்ளத்தாக்கில்தான் எல்க்டன் ஊர் இருந்தது.

ஏன் இப்படி ஆனது என்று புரிய வேண்டுமானால் பூமிக்குள் கொஞ்சம் போக வேண்டும். இந்த இடம் சுமார் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கி அடங்கிய ஓர் எரிமலை. அதன் பாறை வெடிப்புகளில் டெல்லூரியம் என்ற தனிமத்தோடு சேர்ந்து தங்கம் படிந்தது. பார்த்தால் தங்கம் மாதிரியே இருக்காது என்பதால் கலிபோர்னியாவிலும் டென்வர் பக்கத்திலும் ஆற்று மணலை அரித்துத் தங்கம் எடுத்தவர்களின் கண்ணில் இது படவில்லை. 1890இல் பாப் வோமக் என்ற மாடு மேய்ப்பவர் இங்கே ஒரு ஓடைப் பள்ளத்தில் தாதுவைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை, ஏழையாகவே இறந்தார். அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று, தச்சு வேலை செய்துகொண்டிருந்த வின்ஃபீல்ட் ஸ்காட் ஸ்ட்ராட்டன் என்பவர் பாறைக்குள் கோடுபோல ஓடும் ஒரு தாது ரேகைக்கு உரிமை பதிந்து, அமெரிக்கச் சுதந்திர நாள் என்பதால் இண்டிபெண்டன்ஸ் என்று பெயர் வைத்தார். அவர் கோடீஸ்வரர் ஆனார். அப்புறம் நடந்தது எல்லாத் தங்க வேட்டையிலும் நடப்பதுதான்.

ஆல்ட்மன் எழுந்தது 1893இல், புல் ஹில் என்ற மேட்டின்மேல், கடல் மட்டத்துக்கு 10,600 அடி உயரத்தில். அந்த ஆண்டு அமெரிக்காவில் வெள்ளி விலை விழுந்து, கொலராடோவின் வெள்ளிச் சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை இழந்தவர்கள் கூட்டம் கூட்டமாக இங்கே வந்தார்கள். ஆள் மலிந்தால் முதலாளி என்ன செய்வார்? 1894 ஜனவரியில் ஹேகர்மன், மொஃபட், எபன் ஸ்மித் என்ற மூன்று பெரிய சுரங்க முதலாளிகள், நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை இனிப் பத்து மணி நேரம், கூலி அதே மூன்று டாலர் என்று அறிவித்தார்கள். தொழிலாளர்கள் ஏற்கவில்லை. புதிதாகத் தொடங்கியிருந்த மேற்கத்திய சுரங்கத் தொழிலாளர் சம்மேளனத்தில் சேர்ந்தார்கள். சங்கத் தலைவர் ஜான் கால்டர்வுட். ஸ்காட்லாந்தில் ஒன்பது வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியவர். பிப்ரவரியில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆல்ட்மன்தான் தலைமையிடம். அந்த உயரத்திலிருந்து யார் ஏறி வந்தாலும் தெரியும். ஏறி வருவதும் கடினம்.

மே மாதம் முதலாளிகள் பக்கம் நிற்க 125 துணை ஷெரிஃப்கள், அதாவது உள்ளூர்க் காவல் அதிகாரியின் ஆட்கள், ரயிலில் வந்து இறங்கினார்கள். விக்டருக்கு மேலே பேட்டில் மவுண்டனில் இருந்த ஸ்ட்ராங் சுரங்கத்தின் கொட்டகையைத் தொழிலாளர்கள் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அது 300 அடிக்கு மேல் பறந்தது. வந்தவர்கள் வந்த வழியே ஓடினார்கள். அன்றைய ஆளுநர் டேவிஸ் வெயிட், மக்கள் கட்சியைச் சேர்ந்தவர். தங்கள் சார்பில் பேசும் உரிமையைத் தொழிலாளர்கள் அவரிடமே கொடுத்தார்கள். கொலராடோ ஸ்ப்ரிங்ஸில் ஒரு கல்லூரிக் கட்டடத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, கால்டர்வுட்டையும் ஆளுநரையும் தூக்கில் போடச் சொல்லி ஒரு கும்பல் வெளியே திரண்டுவிட்டது. இருவரும் பின்வாசல் வழியாகத் தப்பி ரயில் ஏறினார்கள். ஜூன் மாதம் டென்வரில் உடன்பாடு: எட்டு மணி நேரம், மூன்று டாலர். அதன் பிறகும் முதலாளிகள் திரட்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட துணை ஷெரிஃப்கள் கலையவில்லை. ஆளுநர் மாநிலப் படையை அனுப்பினார், தொழிலாளர்களைக் காப்பாற்ற. அமெரிக்க வரலாற்றில் வேலைநிறுத்தம் என்றால் படை வரும். தொழிலாளர் பக்கம் நிற்க வந்தது மிக மிக அபூர்வம்.

நான் ஆல்ட்மனைப் பெரிதாக நினைப்பது இதனால்தான். குளிரும் காற்றும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு மேட்டில், மரப் பலகை வீடுகளில் இருந்துகொண்டு, தங்கள் நாளில் இரண்டு மணி நேரத்தை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று நான்கு மாதம் பசியோடு நின்று ஜெயித்த ஊர் அது. அந்த வெற்றி பத்து வருடம்தான் நீடித்தது. 1903-04 வேலைநிறுத்தத்தின்போது வேறொரு ஆளுநர், அதே மாநிலப் படை. இந்த முறை சங்கத்துக்காரர்களைப் பிடித்து ரயிலில் ஏற்றி, கான்சாஸ் எல்லையில் இறக்கிவிட்டார்கள். 1904 ஜூன் 6 அன்று இண்டிபெண்டன்ஸ் ரயில் நிலையத்தில் வெடித்த குண்டு 13 பேரைக் கொன்றது. அதைக் காரணம் காட்டித்தான் சங்கத்தை வேரோடு பிடுங்கினார்கள். அதன்பின் தாது குறையக் குறைய ஊர்களும் காலியாயின. ஆல்ட்மனும் அப்படித்தான் ஆளொழிந்தது. ஊர் அப்படி ஆளொழிந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஊர்கள் பிறக்கும், தேயும். சரிந்த வீடுகளும் குழிகளும் அங்கேயே கிடந்தன. விரும்பியவர் ஏறிப் போய்ப் பார்த்தார்கள்.

பழைய சுரங்கக்காரர்கள் தாது ரேகையைப் பின்தொடர்ந்து ஆழத்துக்குப் போனவர்கள். விக்டரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1894இல் வுட்ஸ் சகோதரர்கள் ஹோட்டல் கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது தங்கம் தட்டுப்பட, அங்கேயே கோல்ட் காயின் என்ற சுரங்கம் வைத்தார்கள். ஊருக்கு நடுவே சுரங்கம், சுற்றிலும் தெருக்கள், இரண்டும் சேர்ந்தே வாழ்ந்தன. 1990களில் வந்த சுரங்கம் வேறு மாதிரி. டன் கணக்கில் பாறையை நொறுக்கிக் குவித்து, மேலே சொட்டுக் குழாய்கள் பரப்பி, நீர்த்த சயனைடு கரைசலை வாரக்கணக்கில் இறங்க விடுகிறார்கள். கரைசல் தங்கத்தைக் கரைத்துக்கொண்டு அடியில் வந்து சேரும். ஒரு டன் பாறையில் ஒரு கிராம்கூடத் தங்கம் இல்லாவிட்டாலும் லாபம். பழைய பட்டுப்புடவையை ஜரிகைக்காக எரித்து உருக்குவார்களே, அதுதான் நினைவுக்கு வந்தது. ஜரிகை கிடைத்துவிடும். புடவை?

இந்த முறைக்கு ரேகை தேவையில்லை, மலை முழுவதும் தேவை. ரேகைகள் அதிகம் இருந்த இடத்தில்தான் பழைய ஊர்கள் இருந்தன. ஆகவே திறந்தவெளிக் குழி விரிய விரிய ஊர்களைத் தொடாமல் இருக்க வழியே இல்லை. மேலே பெரும்பாலும் நூறு வருடம் முன்பே பட்டா ஆன தனியார் நிலம்; யாரும் குடியில்லாத பாழ்வீடுகள். தடுக்க வலுவான காரணம் சட்டத்தில் கிடைக்காது. கிரெஸன் என்ற இந்தக் குழி 1990களின் நடுவில் தொடங்கி இன்றுவரை ஓடுகிறது. கிரெஸன் என்ற பெயரே பழைய சுரங்கத்தின் பெயர். 1914இல் அதன் ஆழத்தில் சுவரெல்லாம் தங்கம் ஒட்டிய ஒரு குகை அறையை உடைத்துத் திறந்து, இரும்புக் கதவு போட்டுத் துப்பாக்கிக் காவலோடு, நான்கு வாரத்தில் 12 லட்சம் டாலர் மதிப்புள்ள தாதுவை எடுத்தார்கள்.

விக்டரைத் தாண்டி கோல்ட்ஃபீல்ட் பக்கம் விண்டிகேட்டர் பள்ளத்தாக்கு நடைபாதை இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு மைல் வட்டம். பத்தாயிரம் அடி உயரம் என்பதால் மெதுவாகத்தான் நடக்க முடியும், மூச்சு வாங்கும். தெரஸா, விண்டிகேட்டர் போன்ற பழைய சுரங்கங்களில் ஆட்களையும் தாதுவையும் ஏற்றி இறக்கிய கோபுரங்கள் குழி வாய்மேல் இன்னும் நிற்கின்றன. ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே துருப்பிடித்த இரும்பு, ஆங்காங்கே விளக்கப் பலகைகள். நடக்க நடக்க மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து லாரிகளின் உறுமல் விடாமல் கேட்கிறது. ஒரு லாரி 200 டன்னுக்கு மேல் சுமக்கும் ரகம். ஆல்ட்மன் அந்தப் பக்கம்தான். என் மனைவி வேலியில் இருந்த எச்சரிக்கைப் பலகையைக் காட்டி, இதுக்கு மேல போக முடியாது என்றாள். அங்கே நின்று பார்த்தோம். வெட்டிய படிகளும் சாம்பல் நிறக் கல்லும்தான் தெரிந்தன.

நேர்மையாகச் சொன்னால், சுரங்க நிறுவனம் எதையுமே காப்பாற்றவில்லை என்று சொல்ல முடியாது. சில மரக் கோபுரங்களைப் பெயர்த்து வேறு இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் சமயம் கோபுரங்களுக்கு விளக்கு அலங்காரம் உண்டு. விக்டரில் சில நூறு பேர்தான் இருக்கிறார்கள், அவர்களில் பலருக்குச் சோறு போடுவது இந்தச் சுரங்கம். காபி கடையில் பேச்சுக் கொடுத்தபோது ஒரு பெரியவர், தன் அப்பா பழைய சுரங்கத்தில் இருந்தவர், தன் பேரன் புதிய சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறான், இதில் எதைக் குறை சொல்வது என்று கேட்டார். அவரிடம் வாதாட எனக்கு என்ன தகுதி.

ஆனால் ஒன்றில் எனக்குச் சமாதானம் இல்லை. இடம் பெயர்த்து நட்ட கோபுரம் அழகாக நிற்கலாம். அதைப் பார்க்கிறவருக்கு எந்தக் குழிக்குள் யார் இறங்கினார், எந்த மேட்டில் நின்று எதை எதிர்பார்த்துக் காத்திருந்தார் என்பது தெரியாது. 1894இல் ஆல்ட்மன்காரர்கள் ஜெயித்ததற்கு அந்த மேட்டின் உயரமும் ஒரு காரணம். அந்த மேட்டில் நின்று கீழே பார்த்தால் ஒரு பாடப் புத்தகமும் சொல்லாததை ஒரு நொடியில் புரிந்துகொள்ளலாம். இனி யாருக்கும் அந்த வாய்ப்பு இல்லை. தங்கத்தை இன்னும் ஐம்பது வருடம் கழித்தும் எடுத்திருக்கலாம். அது எங்கும் ஓடிவிடாது.

போக நினைப்பவர்களுக்கு: மே கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை நல்ல பருவம், செப்டம்பர் கடைசியில் ஆஸ்பென் இலைகள் மஞ்சளாக இருக்கும். மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும் என்பதால் நடைபாதையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். கிரிப்பிள் க்ரீக்கிலிருந்து அனகோண்டா ஊர் இருந்த இடம் வழியாக ஒரு குட்டி நீராவி ரயில் போகிறது, குழந்தைகளுக்குப் பிடிக்கும். விக்டரில் லோவெல் தாமஸ் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். உலகப் புகழ்பெற்ற அந்த வானொலிச் செய்தியாளர் சிறுவயதில் வளர்ந்த ஊர் அது. அங்கிருந்து சில நிமிட நடையில், நார்த் ஃபோர்த் ஸ்ட்ரீட்டில், பழைய சுரங்கத் தொழிலாளர் சங்கக் கட்டடம். இண்டிபெண்டன்ஸ் ரயில் நிலையத்தில் குண்டு வெடித்த அதே 1904 ஜூன் 6 அன்று அதன்மேல் பாய்ந்த துப்பாக்கிக் குண்டுகளின் துளைகள் செங்கல்லில் அப்படியே இருக்கின்றன. ஆல்ட்மன் சங்கத்தோடு ஒரே சம்மேளனத்தில் இருந்தவர்கள் கூடிய இடம். கையால் தொட்டுப் பார்க்க இன்னும் மிச்சமிருப்பது அதுதான். அதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்.