பச்சை மாறாத வட்டம்

காங்கேயத்துக்குத் தெற்கே, என் அம்மா பிறந்த ஊரில், ஏர் படாத கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) ஒன்று இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்களும் செம்மறிகளும். அந்த மேட்டுக்காட்டின் உச்சியில் பாதி மண்ணில் புதைந்த ஒரு கல்வட்டம். ஊரில் பாண்டியங்குழி என்பார்கள். சின்ன வயதில் அந்தப் பக்கம் போனாலே அமுச்சி, அம்மாவின் அம்மா, சத்தம் போடுவார்.

போன மாசிப் பனியில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அங்கேயே கிடந்தேன். கட்டடத்துக்குப் பிளான் போடுவதுதான் என் தொழில், அதனால் டேப்பும் முளைக்குச்சியும் கையில் இருக்கின்றன. ஒரு கல்லைக்கூட நகர்த்தவில்லை, மண்ணைக் கிளறவும் இல்லை. அளந்து வரைந்து வைத்தால் போதும். பக்கத்துக் காட்டில் இருந்த இரண்டு வட்டங்களை ஜேசிபி ஒரே நாளில் நிரவிவிட்டது. அவற்றின் அகலம் எவ்வளவு என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்த வயிற்றெரிச்சலில் தொடங்கிய வேலை இது.

நொய்யல் கரைக் கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியபோது, இந்த மாதிரி வட்டங்களுக்குள் கற்பலகை அறைகளும், கறுப்பு சிவப்புப் பானைகளும், இரும்புச் சாமான்களும், சூதுபவள மணிகளும் கிடைத்தன. எங்கள் குழியும் அப்படி, பழங்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த ஈமக்குழிதான் என்று நினைக்கிறேன். நம் மேட்டுக்காடுகளில் இவை இத்தனை காலம் தங்கியதற்குக் கொறங்காடு ஒரு பெரிய காரணம். மேய்ச்சல் நிலத்தில் கலப்பைக்கு வேலை இல்லை.

செல்போன் காட்டும் இடம் நாலைந்து மீட்டர் தள்ளிப்போகும். அதனால் கிணற்று மூலையையும் சர்வே கல்லையும் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து நடு முளைக்கு டேப் இழுத்தேன். வடக்கிலிருந்து வலமாகக் கல்லுக்குக் கல் எண். மொத்தம் 17. குறுக்களவு 9 மீட்டர் 40. தெற்கே மட்டும் ஓர் ஆள் படுக்கிற அளவு இடைவெளி.

நடுவில் பள்ளமா மேடா என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. அமுச்சிதான் சொன்னார்: “மழ நின்னு பத்து நாள்ல கொழுக்கட்டைப் புல்லு பூராவும் காஞ்சு போகும் கண்ணு. அந்த நடுவுல மட்டும் பச்சயா நிக்கும். ஆடெல்லாம் மொதல்ல அங்கதான் ஓடும்.” எழுபது வருசமாக ஆட்டுக்குப் பின்னால் நடந்தவர். சுற்றிலும் ஒரு சாண் ஆழத்தில் பாறை. தோண்டி நிரப்பிய குழியில்தான் மண் ஆழம், ஈரமும் அங்கேதான் தங்கும். மழைக்குப் பிறகு திரும்பப் போய் அந்தப் பச்சையின் விளிம்பைச் சுண்ணாம்புப் பொடியால் கோடிட்டு அளந்தேன். கிழக்கு மேற்காக நீண்ட ஒரு செவ்வகம், 3 மீட்டருக்கு 2.

சரி, அந்தத் தெற்கு இடைவெளி? அதையும் அமுச்சியிடமே கேட்டேன். “உங்க அப்பிச்சிதான் வண்டி கட்டி இழுத்துட்டு வந்தாரு” என்று கிணற்றடியைக் காட்டினார். அப்பிச்சி என்றால் அம்மாவின் அப்பா. இத்தனை வருசமாக நாங்கள் துணி துவைத்த கல். வட்டத்துக் கற்களைப் போலவே வெள்ளைக் கோடு ஓடும் கருங்கல், அடியில் இன்னும் செம்மண் கறை. நீள அகலம் எடுத்து, படத்தில் தெற்கே புள்ளிக்கோடாக வரைந்து, 18 என்று எண் போட்டேன்.