மனு போட மூன்றே நாள்: ஈரோடு கிழக்கில் மாமாவுக்காக அலைந்தது

2025 மார்ச் 10-க்குள் கொடுக்க வேண்டிய தேர்தல் செலவுக் கணக்கைக் கொடுத்து ரசீது வாங்கியாச்சு. அந்த ரசீது கைக்கு வந்த பிறகுதான் இதையெல்லாம் உட்கார்ந்து எழுத முடிகிறது. சுயேச்சையாக நிற்க நினைக்கிறவர்கள், அதுவும் இடைத்தேர்தலில் நிற்க நினைக்கிறவர்கள், தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். பொதுத்தேர்தல் மாதிரி நினைத்துக்கொண்டு இறங்கினால் மனு போடுவதற்கு முன்னாலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

எங்கள் தொகுதி ஈரோடு கிழக்கு. 2021-இல் ஓட்டுப் போட்டோம், 2023 பிப்ரவரியில் இடைத்தேர்தல், மறுபடியும் 2025 பிப்ரவரியில் இடைத்தேர்தல். நான்கு வருஷம் முடிவதற்குள் மூன்றாவது தடவை. காலிங்கராயன் வாய்க்காலில் சாயத் தண்ணீர் கலப்பதைப் பற்றி என் மாமா இருபது வருஷமாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை நாமே நின்று வீடு வீடாகப் பேசிவிடலாம் என்று முடிவு பண்ணினார். முகவர் வேலை எனக்கு.

முதலில் ஏமாந்தது தேதியில். காலியான இடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்பினால் போதும் என்பது சட்டம். எம்.எல்.ஏ. இளங்கோவன் இறந்தது 2024 டிசம்பர் 14. எப்படியும் ஏப்ரல், மே ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தோம். டெல்லித் தேர்தலோடு சேர்த்து ஜனவரி 7-ஆம் தேதியே அறிவித்துவிட்டார்கள். மனுத்தாக்கல் 10 முதல் 17 வரை. பார்க்க எட்டு நாள். அதில் சனி, ஞாயிறு, அப்புறம் 14, 15, 16 மூன்றும் பொங்கல் விடுமுறை. மிச்சம் 10, 13, 17. மூன்றே நாள், அதுவும் பகல் 11 மணியிலிருந்து 3 மணி வரை மட்டும்.

சரி, 13-ஆம் தேதி போட்டுவிட்டு நிம்மதியாகப் பொங்கல் வைக்கலாம் என்றிருந்தோம். கெடுத்தது வங்கி.

தேர்தல் செலவுக்கென்று தனியாக ஒரு கணக்கு வேண்டும், அது மனு போடுவதற்குக் குறைந்தது ஒரு நாள் முன்னாலேயே திறந்திருக்க வேண்டும், ஏற்கெனவே இருக்கிற சேமிப்புக் கணக்கைக் காட்டக் கூடாது. 10-ஆம் தேதி காலை பத்து மணிக்கே மாமா முப்பது வருஷமாகப் பணம் போட்டு எடுக்கிற கிளைக்குப் போனோம். கவுன்டரில் இருந்தவர், "உங்களுக்குத்தான் ஏற்கெனவே அக்கவுன்ட் இருக்குதுங்களே, அதையே எழுதிக் குடுங்க" என்றார். அது செல்லாதுங்க என்று தேர்தல் ஆணைய அறிவுரையை போனில் எடுத்துக் காட்டினேன். எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மேனேஜரைப் பாருங்கள் என்றார். மேனேஜர் மீட்டிங். மதியம் சாப்பாட்டு நேரம். மூன்றரைக்கு ஒரு வழியாக மேனேஜர் வந்து, "அத்தை பேரையும் சேர்த்து ஜாயின்ட்டா போட்டுக்குங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்கிறார். குடும்பத்து ஆள் பெயரைச் சேர்க்கவே கூடாது. சேர்ப்பதானால் தேர்தல் முகவர் பெயரைத்தான் சேர்க்கலாம். அதைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "லீவு முடிஞ்சு 17-ஆம் தேதி வாங்க, முதல் ஆளா பண்ணித் தர்றேன்." 17-இல் கணக்குத் திறந்தால் 18-இல்தான் மனு போட முடியும், 17-ஓடு கதவு மூடிவிடும் என்று மூன்று தடவை சொன்னேன். வேட்பாளர் கணக்குகளுக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்லி வங்கிகளுக்கு அறிவுரை இருக்கிறது, கேட்க ஆள் இல்லை. மாமா வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். அவரை அப்படிப் பார்த்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை, அடுத்தது ஞாயிறு. 13-ஆம் தேதி, வீட்டில் எல்லோரும் காப்புக் கட்டப் பூளைப்பூவும் வேப்பிலையும் தேடிக்கொண்டிருந்தபோது நானும் மாமாவும் ஒரு கூட்டுறவு வங்கிக்குப் போனோம். அங்கிருந்த அம்மா விஷயத்தைக் கேட்டதும், "அட, இதுக்கெதுக்குங்க இத்தனை அலைச்சல்" என்று ஒரு மணி நேரத்தில் பாஸ்புக்கைக் கையில் கொடுத்துவிட்டார். கூட்டுறவு வங்கி, தபால் ஆபீஸ் எங்கே வேண்டுமானாலும் திறக்கலாம். பெரிய வங்கியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை, இதை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 10-ஆம் தேதியே திறந்திருந்தால் 13-இல் மனு போயிருக்கும். இப்போது கடைசி நாள் ஒன்றுதான் பாக்கி.

முன்மொழிபவர்கள் விஷயம் அடுத்தது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி என்றால் ஒருவர் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்கள். ஒரே மாநகராட்சி, ஒரே ஊர் என்று நினைத்துக் கையெழுத்து வாங்காதீர்கள். எங்கள் பத்தில் இரண்டு பேர் ஈரோடு மேற்கு! இருபது வருஷப் பழக்கம், இதை மட்டும் யாரும் கேட்டதில்லை. இன்னொரு கண்ணி: எல்லோரும் 2024 நாடாளுமன்றத் தேர்தல் பூத் சிலிப்பைப் பார்த்துப் பாகம் எண், வரிசை எண் சொன்னார்கள். ஆனால் இறுதிப் பட்டியல் புதிதாக வந்தது ஜனவரி 6, தேர்தல் அறிவிப்புக்கு முதல் நாள். நான்கு பேருக்கு வரிசை எண் மாறியிருந்தது. ஞாயிறு முழுக்கப் புதுப் பட்டியலை டவுன்லோடு பண்ணி ஒவ்வொரு பெயராகத் தேடினேன். சின்ன எழுத்துப் பிழைக்காக மனுவைத் தள்ள மாட்டார்கள்தான், ஆனால் கடைசி நாளில் அதற்கெல்லாம் வாதாட நேரம் எங்கே இருக்கிறது?

பத்துப் பேரில் ஒருவர் பக்கத்துத் தெரு ஆத்தா. எழுதத் தெரியாது. வீட்டிலேயே ரேகை வைத்து வாங்கிவிட்டேன். அது செல்லாது. கைநாட்டு வைக்கிறவர்கள் தேர்தல் நடத்தும் அலுவலர் முன்னாலோ, அவர் அதிகாரம் கொடுத்த அதிகாரி முன்னாலோதான் வைக்க வேண்டும். உதவி மேசையில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். "விடுங்க ஆத்தா, வேற ஆளு பாத்துக்கறோம்" என்றால் ஆத்தா விடவில்லை. "வாய்க்கா தண்ணியில நான் துணி தொவச்சிருக்கேன், குடிச்சிருக்கேன். என்ற ரேகை இல்லாம எப்படி கண்ணு?" 17-ஆம் தேதி காலை ஆட்டோவில் கூட்டிப்போனோம். நூறு மீட்டருக்கு முன்னாலேயே போலீஸ் நிறுத்திவிடும். வேட்பாளரோடு நான்கு பேர்தான் உள்ளே போகலாம், ஆத்தா அதில் ஒருவர். முட்டி வலியோடு நடந்து வந்து, அதிகாரி எதிரில் ரேகை வைத்துவிட்டு, விரல் மையைத் தலையிலேயே துடைத்துக்கொண்டார்.

டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000. கட்டினோம், ரசீது வாங்கினோம். ஒரே டெபாசிட்டில் நான்கு மனு வரை போடலாம். வேறு பத்துப் பேரைக் கொண்டு இரண்டாவது மனு ஒன்றும் போட்டு வையுங்கள், ஒன்று தள்ளிப்போனாலும் இன்னொன்று நிற்கும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

அப்புறம் வந்தது படிவம் 26, சொத்து, கடன், வழக்கு விவரமெல்லாம் சொல்கிற பிரமாணப் பத்திரம். டைப்பிங் கடையில் அடித்தவர் மாமாவுக்கு இல்லாததற்கெல்லாம் ஒரு கோடு போட்டு விட்டிருந்தார், இரண்டு கட்டங்கள் காலியாகவே இருந்தன. நானும் சரியாகப் பார்க்கவில்லை. மனுவை வாங்கிச் சரிபார்த்த அதிகாரிதான் கண்டுபிடித்தார். எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. "இல்லை" அல்லது "பொருந்தாது" என்று எழுதியே ஆக வேண்டும். எனக்குக் கை உதறியது. மணி இரண்டேகால். அவர் பொறுமையாகச் சொன்னார்: மனு இப்போதைக்கு வாங்கப்படும், குறை என்னவென்று எழுதித் தருவோம், நாளை பரிசீலனை தொடங்குவதற்கு முன்னால் புதுப் பத்திரம் கொடுத்தால் போதும். அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பேன் என்று வேட்பாளர் எடுக்க வேண்டிய உறுதிமொழியை மாமா எடுத்தாரா என்றும் அவரே கேட்டார். மனு கொடுத்தவுடன் அங்கேயே உறுதிமொழியையும் எடுத்துச் சான்று வாங்கிவிடுங்கள், அதை மறந்து வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு.

அன்று ராத்திரி பொங்கல் லீவில் நோட்டரி கிடைக்காமல் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஆறு பேருக்கு போன் போட்டேன். ஐந்து பேர் ஊரில் இல்லை. கோபியில் இருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒருவர், பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் வீட்டுக்கு வரச் சொன்னார். பத்தரை மணிக்குச் சீல் விழுந்தது. 18-ஆம் தேதி காலை கொடுத்தோம். மனு ஏற்கப்பட்டது என்று பெயரைப் படித்தபோது மாமா என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார், பேச்சே வரவில்லை.

சின்னம், வண்டி அனுமதி எல்லாம் பிரச்சினை இல்லாமல் முடிந்தது. கேட்ட மூன்றில் இரண்டாவது சின்னம் கிடைத்தது. கடைசியில் களத்தில் 46 பேர், நோட்டாவோடு சேர்த்து 47, அதனால் ஒவ்வொரு பூத்திலும் மூன்று வாக்குப்பதிவு இயந்திரங்கள். வாபஸ் நாளான 20-க்கு அப்புறம்தான் சின்னம் வருகிறது, பிப்ரவரி 3 மாலையோடு பிரச்சாரம் முடிகிறது. இரண்டு வாரம்தான் கையில். நோட்டீஸ் வாசகத்தை முதலிலேயே தயார் பண்ணிவிட்டுச் சின்னத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தது பெரிய உதவியாக இருந்தது.

8-ஆம் தேதி முடிவு வந்தது. தி.மு.க. 90 ஆயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தது, மற்ற எல்லோருக்கும் டெபாசிட் போயிற்று. ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டு வாங்கினால்தான் திரும்பக் கிடைக்கும். மாமாவுக்குக் கிடைத்தது மூன்று இலக்கம்தான். அதில் வாய்க்கால் ஓரத் தெருக்களின் பூத்களில் விழுந்ததை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார்.

தோற்றவுடன் எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கு கொடுக்காவிட்டால் மூன்று வருஷம் வரை தேர்தலில் நிற்கத் தடை வரலாம். டீச்செலவு, ஆட்டோ வாடகை எல்லாவற்றுக்கும் அன்றன்றைக்கே பில் வாங்கிப் பதிவேட்டில் எழுதியிருந்ததால் எங்களுக்கு அரை நாளில் முடிந்தது. ஆத்தா வந்த ஆட்டோவின் 120 ரூபாய்க்கும் பில் இருக்கிறது.