விற்றால் 90,000, பழுது பார்க்க 94,000

2009-இல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார். 2024 தொடக்கத்தில் அதற்கு ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் 94,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். அதே காரை விற்கலாமா என்று விசாரித்தால், புரோக்கர்கள் யாரும் 90,000-க்கு மேல் பேசவில்லை. இந்த இரண்டு எண்களையும் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: தள்ளிவிட்டுட்டு வேற வண்டி பாரு.

நான் வேறு கணக்குப் போட்டேன். காரின் சந்தை விலை விற்பவனுக்குத்தான் முக்கியம், ஓட்டப் போகிறவனுக்கு அதில் பெரிய வேலையில்லை. புது வண்டி எடுத்தால் மாதம் 12,000 தவணை என்று வைத்தாலும் வருஷத்துக்கு 1,44,000. எங்கள் வீட்டில் கார் வருஷத்துக்கு 6,000 கிலோமீட்டர்கூட ஓடாது. அப்பாவுக்கு முட்டி வலி. இந்த வண்டியின் சீட் உயரம், குனியாமல் ஏறி இறங்குகிறார். ஆகவே பழுது பார்க்கலாம், ஆனால் ஒரு நிபந்தனையோடு: முதலில் இன்ஜினையும் பாடியையும் பார்ப்பது. இரண்டில் ஒன்று போயிருந்தால் விற்றுவிடுவது.

பழைய காரில் பணம் போடுவதற்கு முன்னால் எல்லோரும் செய்ய வேண்டிய செலவு கம்ப்ரஷன் டெஸ்ட்தான் என்பேன். சில நூறு ரூபாய் ஆகும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டையில் கேஜ் மாட்டி, ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று பார்ப்பார்கள். என் வண்டியில் நான்கும் 155-இலிருந்து 165 பிஎஸ்ஐக்குள் இருந்தன. எண் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. நான்கும் ஒன்றுக்கொன்று ஒட்டி இருப்பதுதான் முக்கியம். ராத்திரி முழுக்க நிறுத்திய வண்டியை காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சைலன்சரில் நீலப் புகை வருகிறதா என்றும் பார்த்தோம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வரவில்லை. ஆயில் மூடியின் உள்பக்கம் மோர் மாதிரி வெளுத்திருந்தால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஆயிலில் கலக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அதுவும் இல்லை. இன்ஜின் பாஸ்.

அதன் பிறகுதான் அந்த எஸ்டிமேட்டை உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். அவர்கள் ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். பெரிய ஒர்க்‌ஷாப்பின் முறை அப்படி. சத்தம் வருகிறதா, அந்த அசெம்பிளியையே மாற்று. நேரம் எடுத்துக் குடைந்து பார்க்க அங்கே ஆளும் கிடையாது, அதற்குக் கட்டணமும் கிடையாது. மேடு பள்ளத்தில் வரும் கடகட சத்தத்துக்கு அவர்கள் எழுதியிருந்தது புது ஸ்டீயரிங் ராக், அதாவது ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டு. கூலியோடு 17,000 ரூபாய்.

தெரிந்தவர் சொல்லி, ஒரு தனி மெக்கானிக்கிடம் போனேன். அவர் எஸ்டிமேட்டை வாங்கிப் பார்க்கவே இல்லை. "பேப்பர் இருக்கட்டும் சார், வண்டியைத் தூக்குவோம்" என்றார். ராம்பில் ஏற்றி, முன் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். ஆட்டம் இருந்தால் பேரிங்கோ பால் ஜாயின்ட்டோ. பிறகு இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினார். அதில் ஆட்டம் இருந்தால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் பக்கம். அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க் ராடுகளை இரண்டு பக்கமும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு தெருவில் மெதுவாக ஒரு சுற்று வந்தார். அதே ஸ்பீடு பிரேக்கர்கள், அதே குழிகள், சத்தத்தில் முக்கால்வாசி காணோம். மிச்சம் இருந்தது லோயர் ஆர்ம் புஷ், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கையில் இருக்கும் ரப்பர் உறை. ரப்பர் கிழிந்து இரும்போடு இரும்பு இடித்துக்கொண்டிருந்தது. ராக் நன்றாகத்தான் இருந்தது. லிங்க் ராட் ஜோடி ஆயிரத்துச் சொச்சம்தான்.

வேலைகளை என்ன வரிசையில் செய்வது என்று அவரிடமே கேட்டேன். "வண்டி நிக்கணும், அப்புறம் ஓடணும், அப்புறம்தான் குளிரணும்" என்றார். பிரேக், டயர், சஸ்பென்ஷன் முதலில். இன்ஜினைக் கொல்லக்கூடிய டைமிங் பெல்ட்டும் (வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் பட்டை) கூலிங்கும் அடுத்து. ஏசி பிறகு. கிளட்ச் வழுக்கும்போது பார்க்கலாம். பெயின்ட் பற்றிப் பேச்சே வேண்டாம்.

டைமிங் பெல்ட் விஷயத்தில் மட்டும் யாரும் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. எல்லா வண்டியிலும் பெல்ட் இருக்காது, செயின் உள்ளவையும் உண்டு. தன் வண்டியில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொருவரும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பெல்ட் ரப்பர். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வயசாகும். என் மாதிரி குறைவாக ஓட்டுகிறவர்கள் 'இன்னும் கிலோமீட்டர் ஆகலையே' என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. ஓடும்போது அறுந்தால், பல இன்ஜின்களில் பிஸ்டன் மேலே வந்து வால்வை இடித்து வளைத்துவிடும். பிறகு இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். பெல்ட்டோடு, அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், கூலன்ட்டைச் சுற்ற வைக்கும் வாட்டர் பம்ப் இரண்டையும் சேர்த்தே மாற்றினோம். பம்ப் நன்றாக இருந்தால்கூட, அதை எட்ட மறுபடியும் இதே வேலையைப் பிரிக்க வேண்டும், கூலி இரட்டிப்பு. எல்லாம் சேர்த்து 9,200.

கூலிங்கில் ஒரு பழைய கதை வெளியே வந்தது. டாஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் ஊசி எப்போதும் நடுவுக்கு வராமல் கீழேயே கிடக்கும். இன்ஜின் சூடாகவில்லை, நல்லதுதானே என்று இருந்தோம். பார்த்தால், எப்போதோ யாரோ ஒருவர் தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றிவிட்டிருந்தார். நம் ஊரில் இது சாதாரணமாக நடக்கும் வேலை. 'நம்ம வெயிலுக்கு இது எதுக்கு' என்பார்கள். வால்வு இல்லையென்றால் கூலன்ட் எந்நேரமும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றும், இன்ஜின் தன் சரியான சூட்டுக்கு வரத் தாமதமாகும். அதுவரை காரின் கம்ப்யூட்டர், இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். போதாததற்கு, கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றப்பட்டிருந்தது. சென்னையில் பாதி இடங்களில் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று குளியலறை ஷவரைப் பார்த்தாலே தெரியும். ரேடியேட்டர் உள்ளே உப்புப் படிந்து பாதி அடைத்திருந்தது. ரேடியேட்டர், ஹோஸ்கள், புது தெர்மோஸ்டாட், டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட் எல்லாம் 8,300. ஊசி நடுவில் வந்து நின்ற பிறகு சிட்டிக்குள் மைலேஜ் ஏறியதை நானே பார்த்தேன்.

ஸ்பேர்களை நானே வாங்கித் தருகிறேன் என்றதற்கு மெக்கானிக் தடை சொல்லவில்லை. "பில்லோட வாங்குங்க, சேம்பிளைக் கையில எடுத்துட்டுப் போங்க" என்றார். சென்னை ஜிபி ரோட்டில் உள்ள உதிரிபாகக் கடைகளில் ஒரே சாமானுக்கு மூன்று விலை சொல்வார்கள். கார் கம்பெனி டப்பாவில் வருவது, அந்தச் சாமானைக் கார் கம்பெனிக்குச் செய்து கொடுப்பவரே தன் பெயரில் விற்பது, பிறகு ஊர் பேர் தெரியாதது. ஷாக் அப்சார்பர், கிளட்ச், பெல்ட் போன்றவற்றில் இரண்டாவது வகைதான் என் தேர்வு. தரத்தில் குறை இல்லை, விலை கணிசமாகக் குறைவு. மூன்றாவதைத் தொடவில்லை. டப்பா ஒட்டப்பட்ட விதம், அச்சின் தெளிவு, சுரண்டிப் பார்க்கும் ஸ்டிக்கர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நல்ல பெயர் போட்ட டப்பாவிலும் போலி வருகிறது.

புதுப்பேட்டைக்கும் போனேன். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் அந்தத் தெருக்களில் எது வேண்டுமானாலும் கிடைக்கும், ஆனால் எல்லாவற்றையும் வாங்கக் கூடாது. கண்ணாடி, டெயில் லைட், கதவுக் கைப்பிடி, வைண்டர் இவையெல்லாம் தாராளமாக வாங்கலாம். பிரேக் சம்பந்தப்பட்டது, ரப்பர், பேரிங் இவற்றைப் பழசில் வாங்குவது நம் வண்டியில் இருக்கும் தேய்மானத்தையே காசு கொடுத்து வாங்குவதாகும். உடைந்து கிடந்த பின் கதவுக் கைப்பிடியும் ஒரு டெயில் லைட்டும் அங்கே சல்லிசாகக் கிடைத்தன. டாஷ்போர்டுக்குப் பொம்மை வேண்டுமா என்று ஒரு பையன் விடாமல் பின்னாலேயே வந்தான்.

முன் சஸ்பென்ஷன் வேலைதான் எதிர்பார்த்ததைவிடக் கூடிப் போனது. பதினைந்து வருஷத் துரு. ஆர்ம் போல்ட் ஒன்று திருகும்போதே உடைந்து உள்ளே மாட்டிக்கொண்டது. லேத்துக்கு எடுத்துப் போய் டிரில் போட்டு எடுத்தார்கள். பழைய வண்டிக்கு யார் எஸ்டிமேட் கொடுத்தாலும், உடையப் போகும் போல்ட்டுகளுக்கு என்று மேலே பத்து சதவீதம் மனதுக்குள் போட்டுக்கொள்வது நல்லது. இரண்டு ஆர்ம், லிங்க் ராடுகள், ஷாக், மவுண்ட், வீல் அலைன்மென்ட் எல்லாம் 17,500. பிரேக்குக்கு 6,000. ஏசி போட்டு சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங்கே நடுங்கும், அது இன்ஜின் மவுண்ட், 4,600. டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) நன்றாகவே இருந்தது, ஆனால் பக்கச்சுவரில் இருந்த நான்கு இலக்கத்தைப் பார்த்தால் இரண்டு டயர்களில் 2316 என்றிருந்தது. 2016-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம். எட்டு வயதை நெருங்கிய ரப்பரில் மழைக்காலத்தில் போக எனக்குத் தைரியம் இல்லை. அந்த இரண்டையும் மாற்ற 7,400.

பாடியில் பெரிய பயம் இருந்தது. நாங்கள் இருப்பது கடலிலிருந்து அதிக தூரமில்லை. கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டின் அடிப்பக்கம் ஓர் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போனது. டிங்கர் அதை வெட்டி எடுத்து, தகடு வைத்து வெல்டிங் செய்து, அன்டர் கோட்டிங் அடித்தார். 4,500. வெறும் புட்டி வைத்து மூடிவிடலாம் என்று வேறொருவர் 1,200 கேட்டிருந்தார். ஒரு மழை தாங்கியிருக்காது. அடிச்சட்டம், சஸ்பென்ஷன் உட்காரும் இடம் இவற்றில் துரு இறங்கியிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். அது செலவு செய்து காப்பாற்றுகிற இடமில்லை. ஆக மொத்தம் 57,500.

இனி ஆர்டிஓ. 15 வருஷம் ஆனால் காரை ஓட்டவே கூடாது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அது டெல்லியைச் சுற்றிய தலைநகர்ப் பகுதியின் கட்டுப்பாடு. தமிழ்நாட்டில் சொந்தக் காரின் பதிவு 15 வருஷத்தில் முடியும். வண்டியைக் காட்டி, தேறினால் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். படிவம் 25. முடியும் தேதிக்கு 60 நாள் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம். கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். அதற்கு முன் இருந்த 600-ஐ நினைத்துக்கொண்டு போனவர்கள் அங்கே முகம் மாறுவதைப் பார்த்தேன். தாமதித்தால் மாதத்துக்கு 500 கூடுதல். பசுமை வரி தனி. இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் இரண்டும் நடப்பில் இருக்க வேண்டும்.

ஏஜென்ட் வேண்டுமா என்றால், ஆன்லைனில் விண்ணப்பித்துப் பணம் கட்டத் தெரிந்தவருக்கு வேண்டாம். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து சேசிஸ் எண்ணைப் பார்த்தார், லைட், இன்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போடச் சொன்னார், கொஞ்சம் ஓட்டிப் பிரேக் பிடிக்கச் சொன்னார். சேசிஸ் எண் இருக்கும் இடத்தை முன்கூட்டியே துடைத்து வைத்திருந்தது உதவியது. எனக்கு முன்னால் நின்றவர் அங்கேயே மண்ணெண்ணெய் தேடிக்கொண்டிருந்தார். பின் நம்பர் பிளேட் லைட் எரிகிறதா என்று முந்தின நாள் ராத்திரியே பார்த்துவிடுங்கள். எரியாத வண்டிதான் அதிகம்.

ஏசி அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போனது. வருஷா வருஷம் கோடையில் 'கேஸ் தீர்ந்துபோச்சு' என்று நிரப்பிக்கொண்டிருந்தோம். அது பெட்ரோல் இல்லை, தீருவதற்கு. குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிந்தது கூலிங் காயில்தான். டாஷ்போர்டைப் பிரித்து அந்தக் காயிலை மாற்றுவதற்கு 11,000 ஆனது. 2025 செப்டம்பர் 22-இல் உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியதற்குப் பிறகுதான் வாங்கினேன். அப்போதும் ஒரு கடைக்காரர் பழைய ஸ்டாக் என்று பழைய விலையே சொன்னார். பக்கத்துக் கடையில் குறைத்துக் கொடுத்தார்கள்.

கிளட்ச் மட்டும் பாக்கி. அதை நாமே பார்த்துக்கொள்ள மெக்கானிக் ஒரு வழி சொல்லித் தந்தார். முன்னால் யாரும் இல்லாத இடத்தில் ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விட வேண்டும். இன்ஜின் ஆஃப் ஆனால் கிளட்ச் பிடிக்கிறது. ஆஃப் ஆகாமல் இரைந்துகொண்டே இருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. என் வண்டி இப்போதைக்கு ஆஃப் ஆகிறது.