கையெழுத்து

“தம்பி, நீ கையெழுத்து போட்டுடு. உனக்கு வீட்டு லோன் இருக்கு.”

2019 ஜனவரி 22, அரசு ஊழியர், ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய வேலைநிறுத்தத்தின் முதல் நாள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் அலுவலக வாசலில், வேலைநிறுத்தத்தில் நின்ற மூத்த சக ஊழியர், சங்கத்துக்காரர், என்னிடம் சொன்னது இவ்வளவுதான். நான் உள்ளே போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன்.

அவர்கள் கேட்டது பழைய ஓய்வூதியம். அவருக்கு அது ஏற்கெனவே உண்டு. 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு வேலைக்கு வந்த எனக்குத்தான் இல்லை. ஓய்வூதியத்துக்கென்று சம்பளத்தில் மாதாமாதம் 10 சதவீதம் பிடித்தார்கள். எனக்காக அவர் வெயிலில், நான் மின்விசிறிக்கடியில்.

சங்கத்தில் சேராததற்குக் காரணம் வைத்திருந்தேன். நிர்வாகிகளுக்கு வேண்டியவர்களுக்கே பக்கத்து ஊர் மாறுதல் கிடைக்கிறது என்பேன். பொய்யில்லை, கண்ணால் பார்த்ததுதான். ஆனால் உள்ளே இருந்தது 2003. அந்த ஜூலையில் டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் சட்டத்தைக் காட்டி, வேலைநிறுத்தம் செய்த ஏறக்குறைய 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை, தார்மீக உரிமைகூட இல்லை என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அப்போது வேலை போனவர்களில் அவரும் ஒருவர். மனைவியின் வளையல் அடகுக்குப் போன கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார். நானும் கூடவே சிரிப்பேன். வீட்டுக்குப் போனால் தூக்கம் வராது.

லோன் யாருக்குத்தான் இல்லை? அவருக்கே கூட்டுறவுச் சங்கத்தில் பாக்கி இருந்தது. அப்படியானால் அந்த ‘போட்டுடு’ பாசமா, இவன் தேறமாட்டான் என்ற முடிவா? “வரியா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மறுத்திருப்பேன். ஆனால் அது நான் மறுத்ததாக இருந்திருக்கும்.

அவருக்கு 17(பி) வந்தது, ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை. தட்டச்சு செய்தது எங்கள் பிரிவு, எழுத்துப்பிழை பார்த்தது நான். ஓய்வுக்கு ஒன்றரை வருடம். அது நிலுவையில் இருந்தால் பணப்பலன் நிற்கும். குறிப்பாணையை நீட்டியபோது, “எங்க போடணும் தம்பி?” என்று மட்டும் கேட்டார். விரலால் இடத்தைக் காட்டினேன்.

பிறகு ஓய்வு வயது கூடியது, நடவடிக்கைகளையும் அரசே கைவிட்டது. அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்தக் குறிப்பாணையோடு அவர் கழித்த மாதங்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

2019 மார்ச்சிலேயே சங்கச் சந்தா கட்டினேன். ரசீது கிழித்துக் கொடுத்தவரும் அவரே. ஏன் இப்போது என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகும் எந்தப் போராட்டத்துக்கும் நான் அலுவலகத்தை விட்டு வெளியே வந்து நின்றதில்லை. சந்தா மட்டும் பாக்கி வைத்ததில்லை.