கால் புண்ணுக்கும் என் அறைதானா?

ராமநாதபுரம் கடற்கரையில் ஓர் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் பேசுவது என் வேலை. ஆனால் திருநங்கை யாராவது வாசலில் கால் வைத்தால் போதும், காய்ச்சலா வயிற்று வலியா என்றுகூடக் கேட்காமல் நேராக என் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். ஏதோ நல்லது செய்கிற நினைப்புதான்.

பாம்பன் பக்கமிருந்து ஒரு மூத்த திருநங்கை அப்படித்தான் வந்தார். கடை கடையாகக் காசு கேட்டுப் பிழைப்பவர், கால் கட்டைவிரலில் ஆறாத புண். "ஏம்மா, கால் புண்ணுக்கு எதுக்கும்மா இந்த டெஸ்ட்டு? போன மாசம்தான் மதுரையில எடுத்தேன்" என்றார். சர்க்கரை பார்த்தார்களா என்று கேட்டால், யாரும் பார்க்கவில்லை. லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனேன், 300-ஐத் தாண்டியிருந்தது. அட்மிட் பண்ணச் சொன்னார்கள், சரி, ஆண் வார்டா பெண் வார்டா என்பதிலேயே மத்தியானம் ஆகிவிட்டது, அவர் பஸ் ஏறிப் போய்விட்டார். 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் சம்மதம் இல்லாமல் பரிசோதனை கூடாது என்கிறது. வேறு எந்த அறைக்கும் அனுப்பாமல் இங்கே உட்கார வைத்துவிட்டு வாங்குகிற கையெழுத்தும் சம்மதக் கணக்கில்தான் சேர்கிறது.

டாக்டருக்குத் தெரியவேண்டிய விஷயங்கள் எத்தனையோ இருக்கின்றன. உடம்பில் மாற்றம் வரவேண்டும் என்று மெடிக்கலில் கருத்தடை மாத்திரையை வாங்கி, தாங்களாகவே அளவைக் கூட்டிப் போடுகிறவர்கள் உண்டு. அதோடு புகைப்பழக்கமும் சேர்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். டாக்டரிடம் போகாமல், தாயம்மா எனப்படும் மூத்த திருநங்கை கையால் நிர்வாணம் (ஆணுறுப்பை அகற்றுவது) செய்துகொண்டவர்களுக்குச் சிறுநீர்ப் பாதை சுருங்கிப்போகிற தொல்லை வரலாம். ஒருமுறை திட்டு வாங்கியவர் இதையெல்லாம் மறுபடி வாய் திறந்து சொல்வாரா? பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிற திருநம்பிக்குக் கருப்பை வாய் இருக்கிறவரை அந்தப் புற்றுநோய்ப் பரிசோதனை தேவை, ஆனால் மீசை வைத்தவர் பெண்கள் ஓ.பி. வரிசையில் எப்படிப் போய் நிற்பார்? 2008-லேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது என்பதில் எனக்குப் பெருமை உண்டு, ஓ.பி. வரிசைதான் இன்னும் மாறவில்லை.

திருநங்கைகளாவது கண்ணுக்குத் தெரிகிறார்கள். கல்யாணமாகிப் பிள்ளையும் பெற்று, ஆண்களோடும் உறவு வைத்திருக்கிற மீனவர் என் அறைப்பக்கம் எளிதில் திரும்ப மாட்டார். ஊர் சின்னது, லேப் வாசலில் உட்கார்ந்திருப்பது சித்தப்பா மகனாக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் "சும்மா பிபி பார்க்கலாம்னு வந்தேன்" என்று தலை காட்டுவார்கள். அதனால் யார் வந்தாலும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: உறவு ஆண்களோடா, பெண்களோடா, ரெண்டு பேரோடுமா? ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டு எழுந்தே போனார். போகட்டும். கேள்வி எல்லாருக்கும் பொது என்று தெரிந்த பிறகு சிலர் வாய் திறந்தார்கள். ஆபத்தான உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் போடுகிற எச்.ஐ.வி. தடுப்பு மருந்து இருக்கிறது என்பதே அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

ஏர்வாடி எங்களுக்குப் பக்கம். அங்கே மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று பிடித்த தீயில் சங்கிலியோடு கருகிய நோயாளிகளை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. இருந்தும், பையனுக்குப் பொண்ணுங்க மேல நாட்டமில்லை என்று 'சரி பண்ண' இடம் தேடி அலைகிற பெற்றோர் இன்றும் வருகிறார்கள். இப்படி மாற்ற முயல்வதை 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது, 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்றது. இதைச் சொன்னால் ஒரு அம்மா, "அப்ப மருந்தே இல்லையாம்மா?" என்றார். அவன் தூங்காமல் கிடப்பதற்கும் அழுவதற்கும் டாக்டர் இருக்கிறார், மற்றதற்கு மருந்து தேவையில்லை என்றேன். ஒத்துக்கொண்டாரா என்று கேட்டால், இல்லை. ஆனாலும் மனநல ஓ.பி. எந்தக் கிழமை என்று சீட்டின் பின்னால் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.